சம்பந்தி மூடிய தகடு

1

அன்று ஏரியில் இருந்தவர்கள் நான்கு பேர். என் தம்பி வில்ஹோ பெல்டோலா. அவன் மகள் கைசாவின் மாமனார் வாரன் டிரிஸ்கல், மினியாபோலிஸ்காரர். அவருடைய மகன் டெரெக், அதாவது கைசாவோடு எங்கள் ஊரிலேயே இருக்கும் எங்கள் மாப்பிள்ளை. பிறகு நான், ஹில்யா, வில்ஹோவின் அக்கா. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. தூண்டில் இரை விற்கும் கடையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து இதை விலாவாரியாகச் சொல்பவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதும் அந்தக் கடையில்தான். இரைமீன் வாங்கப் போயிருந்தேன். கடைக்கார லோயிஸ் வலையை வாளிக்குள் விட்டபடி கேட்டாள்: "என்ன ஹில்யாக்கா, உங்க தம்பியோட தகர டப்பா அடுப்பு சம்பந்தியையே மேல அனுப்பி வைக்கப் பாத்துச்சாமே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடையில் நின்று வாதாடுவது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எங்கள் தேவாலய இதழுக்கு இரங்கல் குறிப்புகள் எழுதி எனக்குப் பழக்கம் உண்டு. கதை இதுவே முதல்.

(நடந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கதை என்று பெயர் வைத்துவிட்டால் வாக்கு முறியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முறியும். முறித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

2

முதல் தொடக்கம்: "ஏரி வெள்ளைப் போர்வை போர்த்தி உறங்கிக்"

வேண்டாம். வடக்கு மின்னசோட்டாவில் ஏரி ஒவ்வொரு குளிர்காலமும் உறைகிறது. இதில் என்ன அதிசயம்?

இரண்டாவது: "வில்ஹோ யாருக்கும் தீங்கு நினைக்காத நல்ல மனிதன். அவனுடைய"

இது இரங்கல் குறிப்பு. அவன் உயிரோடு இருக்கிறான்.

மூன்றாவது, அடுப்பிலிருந்து தொடங்குவது. அவமானப்பட்டிருப்பது அதுவும்தானே. பழைய இராணுவத் தோட்டாப் பெட்டி ஒன்றை வெட்டி, கதவு வைத்து, கால்கள் பற்றவைத்து, வில்ஹோ தன் கையால் செய்த அடுப்பு அது. முழங்கால் உயரம். பனிக்கட்டி உருகிக் கால்கள் இறங்கிவிடாமல் பலகைமேல் நிற்கும். புகைக்குழாய், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்க ஏரிமேல் நாங்கள் அடிக்கும் கூடாரத்தின் பக்கவாட்டில் தீப்பிடிக்காத துணி வளையத்தின் வழியாக வெளியே போகும். குழாய்க்குள் ஒரு தகடு சுழலும். அதன் கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் வழி திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. காற்று புகாதபடி கூடாரத்தின் அடித்துணிமேல் சுற்றிலும் பனியை அள்ளிப் போட்டிருப்போம். ஆகவே நச்சுவாயு உள்ளே தங்காமல் இருக்கத் தகடு குறுக்கே நிற்கக் கூடாது, மேல் ஜன்னலும் ஒரு கை அளவாவது திறந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் சூட்சுமம். அந்தக் கூடாரத்தில் இத்தனை குளிர்காலங்களில் ஒருவருக்கும் தலைகூட வலித்ததில்லை.*

* நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இல்லை. அது தம்பியின் தப்பு. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது தொங்குகிறது.

3

வாரன் என்ற பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. முதலில் அவரைத் தொப்பைக்காரராக எழுதினேன். மனிதர் ஒல்லி. சிரிப்பு அசிங்கமாக இருக்கும் என்று எழுதினேன். நல்ல சிரிப்புதான். பொய்யர் என்று ஒரு பத்தி முழுக்க எழுதி அதையும் அடித்துவிட்டேன். என் கோபத்துக்கு அது வசதியாக இருந்திருக்கும். ஆனால் தான் என்ன செய்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. தெரியாத மனிதர் எப்படிப் பொய் சொல்ல முடியும்?

4

உள்ளே நடந்ததைத் தம்பி ஒரே ஒரு முறை, மருத்துவமனையில், மூக்கில் பிராணவாயுக் குழாயோடு சொன்னான். அப்படியே தருகிறேன்.

டெரெக் தூரத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே இரண்டு சம்பந்திகளும் கவிழ்த்த வாளிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். வாரன் குழாயைப் பார்த்தார்.

"சூடெல்லாம் இது வழியா ஆகாசத்துக்குல்ல போகுது, சம்பந்தி! நீங்க காட்டையே வெட்டிப் போட்டாலும் பத்தாது." சொல்லிக்கொண்டே கையுறைக் கையால் கைப்பிடியைக் குறுக்கே திருப்பிவிட்டார்.

"ஆமா," என்றான் வில்ஹோ. "குளிர்தான்."

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்தான். "புழுக்கமா இருக்கோ?"

"புழுக்கமா? எனக்குக் காது ரெண்டும் கழண்டு விழுந்துடும் போலிருக்கு!" வாரன் எழுந்து ஜன்னலை முழுசாக இழுத்து மூடினார்.

"வெளிய டெரெக் தூண்டில்ல மீன் ஏதாவது கடிச்சுதான்னு ஒரு எட்டு பாத்துட்டு வரீங்களா?"

"அவன் தூண்டில்ல எதுவும் கடிக்காது. இங்கயே சுகமா இருக்கு."

எங்கள் வீட்டில், விருந்தாளி கை வைத்ததை அவர் கண்ணெதிரே மாற்ற மாட்டோம். சூப்பில் அவர் உப்பைக் கொட்டினால் குடித்துவிடுவோம். அதுவும் பெண்ணைக் கொடுத்த இடத்து மனிதர். அவர் சிறுநீர் கழிக்கவாவது வெளியே போவார், அப்போது திருப்பிக்கொள்ளலாம் என்று வில்ஹோ காத்திருந்தான். அவர் போகவில்லை. கண் சொருகினார்.

நான் காபியும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்துக்கொண்டு ஏரிமேல் நடந்து வந்தபோது, கூடாரத்து வாசல் வழியாகத் தம்பி பின்பக்கமாகத் தவழ்ந்து வந்தான். ஒரு கையில் வாரனின் கோட்டுக் காலர். இழுத்துக்கொண்டே வாந்தி எடுத்தான். டெரெக்கைக் கத்திக் கூப்பிட்டு இருவரையும் பனியில் கிடத்தினோம். பிறகு மூச்சை அடக்கித் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தேன். கைப்பிடி குறுக்கே நின்றது. இதை என் கண்ணால் பார்த்தேன்.

மருத்துவமனையில் என்னால் பொறுக்க முடியவில்லை. "தகட்டைத் திருப்ப ஒரு விரல் போதுமேடா!"

"அவர் முன்னாடியா?"

"பின்ன, அவர் செத்த பின்னாடியா?"

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "பெரியவர் மனசு சங்கடப்படுமேக்கா."

"உன்னைவிட நாலு வயசு சின்னவர்டா அவர்!"

"யார்கிட்டயும் சொல்லாத. கைசா அந்த வீட்டுல வாழணும்."

வாக்குக் கொடுத்தேன்.

5

வாரன் குணமாகி ஊருக்குப் போகிற வழியில் இரைக் கடையில் நின்றிருக்கிறார். "கையால செஞ்ச அடுப்புல வேற என்னத்த எதிர்பாக்கறது? ஆனா நல்ல மனுஷன், பாவம்."

பாவம்! எங்கள் அப்பா சுரங்கத்தில் இறந்தபோதுகூட இந்த ஊரில் எங்களை யாரும் பாவம் என்று சொல்ல நாங்கள் விட்டதில்லை. தானே மயங்கிக்கொண்டிருந்தவன், இவரையும் வெளியே இழுத்துப் போட்டவன், பாவமாம்.

அதோடு போனாலும் விட்டிருப்பேன். கைசா அப்பாவிடம் வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பசங்க இனிமே கூடாரத்துக்கு வர மாட்டாங்கப்பா. டெரெக் பயப்படறார்."

"சரிம்மா," என்றான் வில்ஹோ.

சனிக்கிழமைகள் அவனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரியவை. இப்போதும் சனிக்கிழமை போகிறான். அடுப்பைப் பற்றவைக்கிறான். மூன்று வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு ஒன்றில் உட்காருகிறான்.

6

முடிவுகள்.

(அ) வாரன் இரைக் கடைக்கு வந்து எல்லார் முன்னிலும், "நான்தான் மூடினேன்" என்கிறார். [தெரியாததை எப்படி ஒப்புக்கொள்வார்? அடித்துவிடவும்.]

(ஆ) வில்ஹோ வாய் திறக்கிறான். [அவனை எனக்குத் தெரியும். அடித்துவிடவும்.]

(இ) அக்கா மினியாபோலிஸுக்குப் பேருந்து ஏறி, சம்பந்தி வீட்டுக் கதவைத் தட்டி, "ஐயா, உங்கள் கை

இல்லை. இதை ஆசை ஆசையாக இரண்டு பக்கம் எழுதினேன். போனால் என் மனம் ஆறும். கைசாவின் வீட்டில் தீப்பிடிக்கும்.

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. அது என் கையில் இல்லை. தேவாலய இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஒருத்தியின் கையில் இருக்கிறது. கைசா, உன் மாமனாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. அவரிடம் சொல்வதா, உன் புருஷனிடம் மட்டும் சொல்வதா, யாரிடமும் சொல்லாமல் சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டுவதா, நீயே முடிவு செய். உன் அப்பா உன்னிடம் எதையும் கேட்க மாட்டான். கேட்காமலே செத்துப்போகக்கூடியவன் என்பதை ஒரு தடவை நிரூபித்தும் விட்டான்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு விஷயம். வில்ஹோ மனம் உடைந்துபோய் அந்த அடுப்பைத் தூண்டில் துளை வழியாக ஏரிக்குள் போட்டுவிட்டான் என்று இந்த வாரம் கடையில் புதுப் பேச்சு. பொய். துளை எட்டு அங்குலம். அடுப்பு அதில் நுழையாது.