ஒரே பெயர், வேறு போர்டு

விவாகரத்துக்குப் பிறகுதான் தாரிணி ஜகதீசனை ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். சேர்ந்து வாழ்ந்தவரை ‘நீ’தான். அவன் மட்டும் பழையபடியே ‘நீ’ என்றான். அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கோர்ட்டில் பிரிந்தவர்களால் செகந்திராபாத் பக்கம் மல்லாபூரில் இருந்த ஷெட்டில் பிரிய முடியவில்லை. மாத்திரைத் தொழிற்சாலைகளுக்கு மெஷின் செய்து கொடுக்கும் அந்தக் கம்பெனி இருவரும் சேர்ந்து தொடங்கியது. பெல்ட்டில் ஓடும் மாத்திரைகளைக் கேமரா படம் எடுக்கும். உடைந்ததையும் கறை பட்டதையும் மெஷின் தள்ளிவிடும். விற்பனை, கொள்முதல் இரண்டும் ஜகதீசன். மெஷினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரும், அது நின்றால் ஓடிப்போய்ப் பார்ப்பதும் தாரிணி. ஒருவரை விட்டு ஒருவரால் நடத்த முடியாது. ஆகவே ஷெட்டின் இரு மூலைகளில் உட்கார்ந்து, நடுவில் இருந்த அக்கவுண்டன்ட் சுஷ்மா வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

இத்தனை காலம் போட்டுவந்த மதர்போர்டை இனி தயாரிக்கப்போவதில்லை என்று தகவல் வந்தது. புதிதாக ஒரு பிராண்டை முடிவு செய்தாக வேண்டும். அன்றைக்கு நேராகவே பேச வேண்டியதாயிற்று.

“ஓரிவான் போடலாம்,” என்றான் ஜகதீசன். “பெரிய பேரு. பெட்டியைத் திறந்து காட்டினா கஸ்டமர் வாயைப் பிளப்பான்.”

“பேரு மட்டும்தான் ஓரிவான். செய்யுறது யாரோ. அவங்களுக்குச் சொந்தமா ஃபேக்டரி கிடையாது. யார் கம்மி விலைக்குச் செய்யுறாங்களோ அவங்ககிட்ட குடுப்பாங்க. நாளைக்கு உள்ள என்ன மாறும்னு யாருக்கும் தெரியாது. ஹெல்டோ சொந்தமாச் செய்யுறாங்க. செகந்திராபாத்லயே சர்வீஸ் சென்டர் இருக்கு.”

“ஹெல்டோவா? அந்தப் பேரை எவன் கேட்டிருக்கான்? நக்கோ, வேணாம். உனக்கு எப்பவும் அழுது வடியிறதுதான் பிடிக்கும்.”

“ஆமா. பளபளன்னு இருந்ததைப் பார்த்து ஒரு தடவை ஏமாந்தது போதும்.”

சுஷ்மா எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் தெலுங்குப் பெண். ஆனால் இந்த அளவுக்குத் தமிழ் புரியும்.

இரண்டு பிராண்டிலும் ஒவ்வொரு போர்டு வரவழைத்துத் தாரிணி சோதித்தாள். சூடான பெட்டிக்குள் வைத்து நாள்கணக்கில் ஓடவிட்டாள். இரண்டுமே கோளாறு இல்லாமல் ஓடின. ஜகதீசன் தன் மூலையிலிருந்தே சிரித்தான். சரி, சர்வீஸ் சென்டரையாவது நேரில் பார்த்துவிட்டு வருவோம் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஹெல்டோ சென்டர் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கும் கடை இருந்தது. விசாரித்ததில், சென்டரை மூடியாயிற்று, பழுதானதைக் கூரியரில் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள்.

திரும்பும் வழியெல்லாம் இதை அவனிடம் சொல்லாமல் இருந்தால் என்ன என்று யோசித்தாள். கடைசியில் சொல்லிவிட்டாள். மெஷின் விஷயத்தில் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

“ஹவ்! ஆமா, இப்ப தெரிஞ்சுதா?” என்றான் ஜகதீசன். அன்றைக்கே ஓரிவானுக்கு ஆர்டர் போனது.

முதலில் வந்த போர்டுகள் நன்றாகவே ஓடின. இரண்டாவது தவணையில் வந்ததைப் போட்டு ஒரு பெரிய மருந்து ஆலைக்கு மெஷின் அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, காலை ஷிப்டில் மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டியபோது கேமரா வேலை செய்யவில்லை. லைன் முழுவதும் நின்றது. தாரிணி போய்ச் சேர்ந்தபோது உற்பத்திப் பிரிவுத் தலைவர் நிகில் வாசலிலேயே நின்றிருந்தார்.

“மேடம், உள்ளே எத்தனை பேரு கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க தெரியுமா? இதான் உங்க மெஷினா?”

தொழிலாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மெஷினைத் திறந்து, தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். கேமரா நல்ல கேமரா. வயரும் சரி. நிகில் பொறுமையிழந்து ஜகதீசனுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

“போர்டு டாப் பிராண்டு சார், அதுல ஒண்ணும் இருக்காது,” என்றது ஜகதீசனின் குரல். “மேடம் எழுதின சாஃப்ட்வேர்தான் தகராறு. கொஞ்ச நாளா அவங்க வேலையே சரியில்ல. நான் ஆளை மாத்திடறேன்.”

தாரிணி கையில் ஸ்க்ரூடிரைவருடன் அப்படியே நின்றாள். வக்கீல் முன்னால் அவன் எவ்வளவோ சொல்லியிருக்கிறான். வீட்டைப் பற்றி, அவள் அம்மாவைப் பற்றி, அவள் சமையலைப் பற்றி. வேலையைப் பற்றி இதுவரை சொன்னதில்லை. கண்ணில் நீர் முட்டியது. குனிந்து போர்டைப் பார்ப்பதுபோல் மறைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். போர்டின் ஓரத்தில் மாடல் பெயருக்குக் கீழே இருந்த பொடி எழுத்து மாறியிருந்தது. கேமரா வயர் வந்து சேரும் இடத்துக்குப் பின்னால் இருந்த சிப்பும் வேறு, ஏதோ பேர் தெரியாத மலிவுச் சிப். மாடல் பெயர் மட்டும் அதே.

பையில் முதல் தவணைப் போர்டு ஒன்று ஸ்பேராக இருந்தது. அதை மாட்டினாள். சாஃப்ட்வேரில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. கேமரா கண்ணைத் திறந்தது. பெல்ட் ஓடியது.

கழற்றிய போர்டை, மாட்டிய போர்டோடு ஒப்பிட்டு நிகிலிடம் காட்டினாள். அவர் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உங்க பார்ட்னர் பேசினது தப்பு மேடம். நான் கத்தினதும் தப்பு,” என்றார். அவள் கழற்றிய போர்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மல்லாபூருக்குத் திரும்பியதும் அதையும், ஷெட்டில் மீதியிருந்த முதல் தவணைப் போர்டு ஒன்றையும் ஜகதீசன் மேஜைமேல் வைத்தாள்.

“ரெண்டும் ஒரே மாடல்னு உங்க பிராண்டு சொல்லுது. நீங்களே பாருங்க.”

அவன் பார்த்தான். நகத்தால் சிப்பைத் தடவினான். பிறகு ஓரிவான் விநியோகஸ்தருக்குப் போன் போட்டான். மாடல் ஒன்றுதான், உள்ளே எதை மாற்றினாலும் சொல்ல வேண்டிய அவசியமில்லை, திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று அந்தப் பக்கம் நிதானமாகச் சொன்னார்கள். ஜகதீசன் கத்தினான். இந்தியில் கத்தினான், தெலுங்கில் கத்தினான். போனை வைத்தபோது முகம் கறுத்துப்போயிருந்தது.

“சரி. ஹெல்டோவே வாங்கிக்கலாம். நீ சொன்னதுதான் ரைட். போதுமா?”

“போதாது.”

“இன்னும் என்ன? டென்ஷன்ல ஒரு வார்த்தை வந்துடுச்சு. அதை விடு.”

“லைன் நின்னு போன இடத்துல, அத்தனை பேர் முன்னால, என்னைக் காட்டிக்குடுத்தீங்க. மெஷின்ல என்ன கோளாறுன்னு கேக்கக்கூட இல்ல. போர்டு மேல இருந்த நம்பிக்கை என் மேல இல்ல. இனிமே இந்த ஷெட்டுல நான் உக்கார மாட்டேன். சர்வீஸைத் தனியா எடுத்து நானே நடத்தப்போறேன். அதுக்கு ஈடா என் பங்கை நீங்களே வச்சுக்கோங்க.”

“கைக்கூ? எதுக்கு இந்த டிராமா? நீ போனா மெஷின் நின்னா யார் பார்ப்பா?”

“நான்தான். ஆனா ஒப்பந்தம் போட்டு, வெளியில இருந்து. ஹெல்டோதான் போடணும். ஒரு வருஷத்துக்கு வேண்டியதை ஒரே தவணையில வாங்கணும், எல்லாம் ஒரே மாதிரியா. ஸ்பேர் என்கிட்ட இருக்கணும். பெங்களூர்ல இருந்து திரும்பி வர்றவரைக்கும் எந்தக் கஸ்டமரும் காத்திருக்கக் கூடாது.”

“எந்தக் கஸ்டமரும் உன் பின்னாடி வரமாட்டான்.”

“வர வேண்டாம். உங்களால முடிஞ்சா நீங்களே போய் மெஷினைத் திறங்க.”

மெஷினைத் திறக்க அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். “சுஷ்மா, வக்கீலுக்குப் போன் பண்ணும்மா,” என்றான் கடைசியில்.

அல்வால் பகுதியில் ஒரு மாடி அறையை எடுத்தாள் தாரிணி. ஹெல்டோ போர்டுகளும் பழுதாகாமல் இல்லை. மழைக்காலத்தில் இரண்டு செத்தன. பெங்களூருக்குப் போனவை திரும்புவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சப்போர்ட்டுக்குப் போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் எடுத்து முதலிலிருந்து கேட்டான். ஆனால் ஸ்பேர் கையில் இருந்ததால் எந்த ஆலையிலும் லைன் நிற்கவில்லை. நிகில் தனக்குத் தெரிந்த இரண்டு ஆலைகளை அவளிடம் அனுப்பினார்.

தீபாவளி சமயத்தில் ஜகதீசன் ஸ்வீட் பெட்டியோடு மாடியேறி வந்தான். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “திரும்ப வந்துடேன். ஷெட்டுல உன் மூலை அப்படியேதான் இருக்கு,” என்றான்.

“அங்க வேற யாரையாவது உக்கார வைங்க,” என்றாள் தாரிணி. “வர்றதா இருந்தா அடுத்த தடவை போன் பண்ணிட்டு வாங்க. வேலை நேரம்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையிலிருந்த வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். ஸ்வீட் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவன் படியிறங்கிப் போனான்.