பன்னிரண்டு வோல்ட்

பழைய கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற சீரியல் கார்டை மாட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும், காலியாக இருக்கிற இடத்தில் கார்டை வைத்து அழுத்த வேண்டும், ஒரு ஸ்க்ரூ, ஒரு சிடி, முடிந்தது கதை. மொத்தம் கால் மணி நேரம். திருகாணிக்கு எட்டு நாள் ஆயிற்று. பதினொரு வருஷமாகக் கடை கடையாகப் போய் பில்லிங் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுக்கிறவன், இந்த ஒன்றுக்கு மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்படி உட்கார்ந்தும் என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்ல வந்தேன். சொல்லவே வயிறு எரிகிறது.

திருகாணி என்பது அவன் அக்கா வைத்த பேர். நாலு வயதில் வீட்டு ரேடியோவை அக்கக்காகக் கழற்றி, திரும்ப மாட்டத் தெரியாமல் ஸ்க்ரூவை எல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தவனுக்கு வேறு என்ன பேர் வைப்பது? அக்காவுக்கு யாருக்காவது பட்டப்பேர் வைக்காவிட்டால் சாப்பாடு இறங்காது. அவளுக்கு இருபத்தாறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. பத்தே நாளில் இரண்டு காதும் அவிந்து போயின. பட்டப்பேர் வைக்கிற வாய் மட்டும் அப்படியே இருந்தது.

ஆறு வருஷம் கழித்து ஆபரேஷன் செய்தார்கள். மண்டைக்குள்ளே ஒரு சின்னத் துண்டு, காதுக்குப் பின்னால் ஒரு மெஷின். வெளியே இருக்கிற மெஷின் சத்தத்தைப் பிடித்து உள்ளே இருக்கிற துண்டுக்கு அனுப்பும். அவளுக்குக் கேட்டது. பதினாலு வருஷம் கேட்டது. ஆனால் அந்த மெஷினுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை அளவு சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் கெட்டுப்போகும். அந்த மெஷினைச் செய்த கம்பெனி மூடிவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் புது மாதிரி மெஷின்கள் வந்துவிட்டன. மூன்று வருஷமாக அக்காவின் மெஷினை யாரும் தொடவில்லை. இப்போது அவளுக்கு எல்லாக் குரலும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரிதான். ஆளை நேரே பார்த்தால் உதட்டை வைத்துப் புரிந்துகொள்வாள். போனில் உதடு எங்கே இருக்கிறது?

வெளியூரில் இருக்கிற மகள் சனிக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள். அக்கா எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சந்தோஷம்மா" என்பாள். போன மாசம் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் இரைச்சலோடு இரைச்சலாகச் சொல்லி, சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். அன்றைக்கு மகள் சொன்னது, வயிற்றில் இருந்த குழந்தை கலைந்துவிட்டது என்று. மறுநாள் மருமகன் எழுதி அனுப்பித்தான் தெரிந்தது. அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை. மகளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் அவளை இன்னும் அறுத்தது. நாலாம் நாள் தம்பியிடம் வந்து நின்றாள். "டேய், என்னத்தையாவது பண்ணு. எனக்கு அவ குரல் கேட்கணும்" என்றாள்.

புதுசாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கேட்டாயிற்று. மறுபடி அந்த எலும்பைத் திறக்க முடியாது என்று இரண்டு டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். பழைய துண்டோடு பேசுகிற மெஷின் உலகத்தில் வேறு எதுவும் இல்லை. அக்காவின் காதில் இருக்கிறதுதான் மெஷின், அதற்கு அளவு வைக்கத் தெரிந்தது ஒரே ஒரு பெட்டிதான்.

அந்தப் பெட்டி காதம்மாவிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷமும் அக்காவுக்கு அளவு சரிசெய்து கொடுத்தவர். அக்கா வாயில் அவர் பேர் காதம்மா ஆகிவிட்டது. பழைய சாமானை எல்லாம் குப்பைக்கு அனுப்பின அன்றைக்கு, மனசு கேட்காமல் அந்தப் பெட்டியையும் அதன் சிடியையும் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதைக் கம்ப்யூட்டரில் சொருக ஒன்பது பின் உள்ள பழைய சீரியல் வாய் வேண்டும். இப்போதைய லேப்டாப்பில் அது ஏது? யுஎஸ்பியில் மாட்டுகிற மாற்றுக் கேபிளை வைத்துப் பார்த்தார். பெட்டி பாதி பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

"நேரா கம்ப்யூட்டர் போர்டுல மாட்டுற கார்டு வேணும் தம்பி. நீங்க ஏற்பாடு பண்ணி வைங்க, ஞாயித்துக்கிழமை நான் பெட்டியோட வர்றேன். இது ஒண்ணுதான் இருக்கு, பார்த்துக்குங்க" என்று சிடியை மட்டும் அவன் கையில் கொடுத்தார்.

"மேடம், இது என் தொழிலே. கவலையே படாதீங்க" என்றான் திருகாணி. அந்த வாயைத் தைத்திருக்கலாம்.

வீட்டு முன்னறையில் மேஜை போட்டு, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். முதலில் வாங்கின கார்டு அந்தப் போர்டில் உட்காரவே இல்லை. இரண்டாவது கார்டைத் தேடி நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய் வந்தான். அதைப் பிரிக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதுதானாடா? இத்துனூண்டு இருக்கு!"

அவளிடம் பேசுகிற எவனும் குனிந்துகொண்டு பேச முடியாது. உதடு அவளுக்குத் தெரிய வேண்டும். திருகாணிக்குச் சின்ன வயதுப் பழக்கம், அவள் கேட்டால் கைவேலையை விடாமல் முகத்தை மட்டும் நிமிர்த்திப் பதில் சொல்வான்.

"இத்துனூண்டுதான். ஆனா இதுதான் உன் காது" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். கை அது பாட்டுக்குக் கவரைப் பிரித்தது, கார்டை எடுத்தது, எப்போதும் செய்வதைச் செய்தது, ஸ்லாட்டில் வைத்து அழுத்தியது.

"என் காது தூசியா இருக்கு, தொடைச்சுட்டு மாட்டு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் வந்தது எல்லாம் பிடுங்கல். கம்ப்யூட்டர் புதுக் கார்டின் இரண்டு வாய்க்கும் ஐந்து, ஆறு என்று நம்பர் கொடுத்தது. காதம்மாவின் சிடிக்கோ ஒன்றையும் இரண்டையும் தவிர வேறு நம்பரே தெரியாது. ஒன்றாம் நம்பரைப் போர்டு தனக்கென்று பிடித்து வைத்திருந்தது, இத்தனைக்கும் அந்த நம்பருக்கு வெளியே வாய்கூடக் கிடையாது. கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே உள்ளே புகுந்து அதை அணைத்தான். கார்டின் ஐந்தை ஒன்றாக மாற்றினான். மறுநாள் பார்த்தால் பழையபடி ஐந்து! தலையில் அடித்துக்கொண்டு கார்டின் டிரைவர் புரோகிராமை எடுத்துப் போட்டு, வேறு டிரைவர் ஏற்றி, வேகத்தைக் குறைத்து, திரும்ப ஒன்று. இப்படியே ஒரு வாரம்.

கடைசியில் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, வாயின் இரண்டாவது பின்னையும் மூன்றாவது பின்னையும் சேர்த்துப் பிடித்தான். அவன் தொழிலில் அதுதான் சோதனை. அனுப்பினது திரும்பி வந்தால் வாய் நல்ல வாய். 'அக்கா' என்று தட்டினான். 'அக்கா' என்று திரும்பி வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு மறுபடி தட்டினான். வந்தது. அன்றைக்கு அவன் எத்தனை தடவை தட்டினான் என்று கேட்டால் அவனுக்கே வெட்கமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் காதம்மா வந்தார். பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அக்கா தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு முதல் நாளே சொல்லியாயிற்று, மத்தியானம் போன் பண்ணு என்று.

காதம்மா அவளுக்கு எதிரே உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னார்: "முதல்ல மெஷினை மட்டும் மாட்டுறேன். உள்ள இருக்கிற பழைய அளவை எடுத்து வெச்சுக்குவோம். அதைச் சரிபண்ணி ஏத்தினதும் நீங்க காதுல மாட்டிக் கேட்டுப் பார்க்கலாம். சரியா?"

அக்கா மெஷினைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். கழற்றினால் அவளுக்கு அந்தத் தகர டப்பாச் சத்தமும் கிடையாது, ஒன்றுமே கிடையாது. "நான் டீ போடுறேன். செவிடி உட்கார்ந்து வேடிக்கை பார்த்து என்ன ஆகப்போகுது?" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காதம்மா மெஷினைச் சின்ன வயரால் பெட்டியில் இணைத்தார். பெட்டியின் கேபிளைத் திருகாணி கம்ப்யூட்டரின் பின்னால் சொருகினான், இரண்டு பக்கமும் ஸ்க்ரூவை முடுக்கினான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"ஆகா" என்றார் காதம்மா.

விளக்கு இன்னும் பிரகாசமாக எரிந்தது. எரிய வேண்டிய பிரகாசம் அது இல்லை. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். விளக்கு அணைந்தது. பெட்டியின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி ஒரு புகை வந்தது, வாசனை வந்தது. திருகாணி பாய்ந்து கேபிளைப் பிடுங்கினான். பிடுங்கி என்ன பிரயோஜனம்? காதம்மா மெஷினைத் தனியே எடுத்து, பேட்டரியை மாற்றி, தன் காதில் வைத்துப் பார்க்கிற ஒரு சின்னக் கருவியில் மாட்டிக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். பொத்தானை அழுத்தினார்.

"இதுவும் போச்சு தம்பி" என்றார்.

திருகாணி திரையைப் பார்த்தான். போர்ட் ஒன்று, நன்றாக வேலை செய்கிறது என்று காட்டியது. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தான். அடித்த உடனே தெரிந்துவிட்டது.

கார்டில் ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் நகத்தளவு நீலச் செருகி ஒன்று இருக்கும், ஜம்பர் என்பார்கள். அதை நகர்த்தினால் ஒன்பதாவது பின்னில் மின்சாரம் வரும். கடைகளில் பில் போடுகிற மேஜைமேல் விலை காட்டுகிற சின்ன விளக்குக் கம்பம் அந்த மின்சாரத்தில்தான் எரியும். பதினொரு வருஷமாகக் கார்டைக் கவரிலிருந்து எடுத்ததும் திருகாணியின் கட்டைவிரல் செய்கிற முதல் வேலை, அந்த ஜம்பரைப் பன்னிரண்டு வோல்ட்டுக்குத் தள்ளுவதுதான். அன்றைக்கும் தள்ளியிருக்கிறது. அக்காவின் முகத்தைப் பார்த்து அவன் பேசிக்கொண்டிருந்தபோது, விரல் ஒரு கடைக்கு வேலை செய்திருக்கிறது. பேப்பர் கிளிப் சோதனை இரண்டையும் மூன்றையும்தான் பார்த்தது. ஒன்பதை எவன் பார்த்தான்? எட்டு நாளும் தலைகீழாக நின்றவன், ஒரு நிமிஷம் குனிந்து டார்ச் அடித்திருந்தால் போதும். அட பாவி, ஒரே ஒரு நிமிஷம்.

"மேடம், நான்தான்" என்றான் மேஜைக்கு அடியிலிருந்தே. காதம்மா எரிந்த பெட்டியைத் திரும்பத் துண்டில் சுற்றினார். குனிந்து சுற்றிக்கொண்டே இருந்தார்.

அப்போது அக்கா டீத் தட்டோடு வந்தாள். "என்னடா கருகின வாசனை? அடுப்புல ஒண்ணும் இல்லையே" என்றாள். ஒருத்தர் பெட்டியைப் பார்த்துக் குனிந்திருக்கிறார், ஒருத்தன் மேஜைக்கு அடியில் இருக்கிறான். உதடு தெரியவில்லை, முகம் தெரியவில்லை. மெஷின் மட்டும் வயர் இல்லாமல் மேஜைமேல் தனியாக இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். தட்டை வைத்துவிட்டு, மெஷினை எடுத்துக் காதுக்குப் பின்னால் மாட்டினாள்.

திருகாணி மேஜையில் தலை இடிக்க எழுந்தான். அதற்குள் அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அது அவர்களுடைய வழக்கம். பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் முதல்முதலாக மெஷினை மாட்டினபோது, அவளுக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் நின்று தம்பி மெதுவாக "அக்கா" என்று கூப்பிட்டான். அவள் சடாரென்று திரும்பி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் ஒவ்வொரு தடவை அளவு சரிசெய்ததும் அப்படித்தான். அவள் சுவரைப் பார்த்து உட்காருவாள், அவன் பின்னால் நின்று கூப்பிடுவான், அவள் திரும்புவாள். மாட்டின உடனே கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது, பிறகுதான் சத்தம் வரும். அதனால் பொறுமையாகக் காத்திருப்பாள்.

"ம், கூப்பிடு" என்றாள்.

திருகாணி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். ஏன் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது. ஒருவேளை காதம்மா சொன்னது தப்பாக இருக்கலாம், ஒரு துளி மிச்சம் இருக்கலாம் என்ற நப்பாசையாக இருக்கும்.

"அக்கா."

அவள் பின்னலைச் சரிசெய்துகொண்டாள்.

"அக்கா" என்று சத்தமாகக் கூப்பிட்டான். "அக்கா!" காதம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா சுவரைப் பார்த்து, லேசாகத் தலையைச் சாய்த்து, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

"எரிச்சுட்டேன்க்கா" என்றான் அவள் முதுகைப் பார்த்து. "நான்தான் எரிச்சுட்டேன். பெட்டியும் போச்சு, மெஷினும் போச்சு. இனிமே இல்லைக்கா. இனிமே உனக்குக் கேட்காது. நான்தான்க்கா." எல்லாவற்றையும் சொன்னான். ஜம்பரைச் சொன்னான், கட்டைவிரலைச் சொன்னான், அழுதுகொண்டே சொன்னான். எதிரே போய் நின்றால் இதை எல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, அவளுக்குப் புரிகிற மாதிரி உதட்டை நன்றாகத் திறந்து சொல்ல வேண்டும்.

மேஜைமேல் அவள் போன் ஒளிர்ந்து மணி அடிக்க ஆரம்பித்தது. மகள்தான்.

"டேய் திருகாணி, டீ ஆறுது" என்றாள் அக்கா, திரும்பாமல். "ஏன்டா சும்மா நிக்கிற? கூப்பிடுடா."