இருபத்தேழை ஏற்காத எஞ்சின்

பல் மருத்துவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. அந்த ஒரு நாளையும் நீல எஞ்சின் விழுங்கிக்கொண்டிருந்தது.

மாடி அறையை அடைத்துக்கொண்டு கிடந்த மரமேடையில் சாண் நீள ரயில்கள் ஓடும். மொத்தம் ஐந்து எஞ்சின்கள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் நகத்தளவில் ஒரு டீகோடர். அந்த எஞ்சினின் எண் அதற்குள் பதிந்திருக்கும். ஐந்தும் ஒரே தண்டவாளத்தில் நின்றாலும், கன்ட்ரோலரில் எந்த எண்ணை அழுத்துகிறோமோ அந்த எஞ்சின் மட்டும் நகரும். நகர வேண்டும்.

எட்டு மாதமாகப் பெட்டிக்குள் கிடந்த நீல எஞ்சினைக் காலை ஒன்பது மணிக்கு எடுத்து வைத்து, அதற்குரிய ஏழாம் எண்ணை அழுத்தினார். அசையவில்லை. எண் அழிந்துபோயிருக்கும் என்று நினைத்தார். மேடையோரம் தனி ஒயரில் இருந்த ஒரு முழச் சோதனைத் தண்டவாளத்தில் அதை வைத்து, இருபத்தேழு என்று புதிதாக எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னபோது திரையில் 27 என்று பளிச்சென்று வந்தது. மேடைக்குக் கொண்டுபோய் இருபத்தேழை அழுத்தினார். கல்லுளிமங்கன் மாதிரி நின்றது.

சக்கரங்களை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். தண்டவாளத்தைத் துடைத்தார். மேல்மூடியைக் கழற்றி, க்ளினிக்கில் கடைவாய்ப் பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை அடியில் நீட்டி ஒயர்களைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. மூடும்போது கடுகளவு திருகாணி ஒன்று கைநழுவி விழுந்தது. அதைத் தேடி மேடைக்கு அடியில் கால் மணி நேரம் தவழ்ந்து, எழும்போது தலையை இடித்துக்கொண்டார்.

மறுபடி எழுதினார். மறுபடி 27. மறுபடி அசைவில்லை.

"சாப்பிட வர்றீங்களா இல்லையா?" கீழேயிருந்து மனைவி கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம்!"

"பத்தரைக்கும் இதையேதான் சொன்னீங்க."

கோளாறு சோதனைத் தண்டவாளத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் திடீரென்று தோன்றியது. அதன் ஒயரைப் பிடுங்கி மேடைத் தண்டவாளத்தில் செருகி, அங்கேயே வைத்து இன்னொரு முறை இருபத்தேழை எழுதினார். ஒயரைப் பழையபடி மாற்றிவிட்டு எண்ணை அழுத்தி, வேகக் குமிழை எரிச்சலோடு முழுசாகத் திருகினார்.

நான்கு எஞ்சின்கள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. மேடையில் மற்றவையும் நிற்பதை மறந்து எழுதியதில் அத்தனைக்கும் இருபத்தேழு என்றே பதிந்துவிட்டது. சரக்கு வண்டி பயணி வண்டியின் முதுகில் போய் மோதியது. மூன்றாவது தடம் புரண்டு கவிழ்ந்தது. நான்காவது பாதை முனைத் தடுப்பை உடைத்துக்கொண்டு விளிம்பில் பாதி தொங்கியது. நீல எஞ்சின் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

சத்தம் கேட்டு மேலே வந்த மனைவி மேடையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். நெற்றி புடைத்து, முழங்காலெல்லாம் தூசியாக நின்றார்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அந்த ஆளுகிட்டயா? செத்தாலும் மாட்டேன்."

அவளுடைய அண்ணன் பஸ் டிரைவர். அவரும் மருத்துவரும் சேர்ந்துதான் அந்த மேடையை நான்கு வருடமாகக் கட்டினார்கள். எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள், மருத்துவர் க்ளினிக்கில் இருந்தபோது, தண்டவாள வளைவு சரியில்லை என்று சொல்லி மச்சான் காகிதக்கூழ் மலை ஒன்றைப் பெயர்த்து எடுத்துவிட்டார். மருத்துவர் மூன்று மாதம் உட்கார்ந்து செய்த மலை அது. வாய்ச்சண்டை முற்றி, மச்சான் தன்னுடைய சிவப்பு எஞ்சினைச் செருப்புப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனவர், பிறகு படியேறவில்லை.

மனைவி அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அண்ணனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி மேடையில் வைத்தாள். நடந்ததை அவளே சொன்னாள்.

"ஏன் மாப்ள, நீலத்தையும் என் சிவப்பையும் ஜோடி சேத்து நீள வண்டி இழுக்க விட்டோமே, மறந்துட்டீங்களா?" என்றது மச்சானின் குரல். "அந்த ஜோடி நம்பர் இன்னும் உள்ளயே கெடக்கு. அது இருக்கிற வரைக்கும் சொந்த நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பியே பாக்காது. டீகோடருக்குள்ள பத்தொன்பதாவது கட்டத்துல பூஜ்யம் எழுதுங்க. தீந்துது."

எண் எழுதுகிற முதல் கட்டத்தைத் தவிர டீகோடருக்குள் வேறெதையும் மருத்துவர் இன்று தொடவேயில்லை. சோதனைத் தண்டவாளத்தில் வைத்துப் பத்தொன்பதைப் படிக்கச் சொன்னார். 40 என்று வந்தது. அவர்கள் அன்றைக்கு வைத்த ஜோடி எண். பூஜ்யத்தை எழுதி, தண்டவாளத்தில் மிச்சமிருந்த எஞ்சின்களை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, நீலத்தை மேடையில் வைத்து இருபத்தேழை அழுத்தினார். நீல எஞ்சின் விளக்கைப் போட்டுக்கொண்டு புறப்பட்டது.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. நாலு மணி நேரம் போனதற்கு மருந்து ஒரே ஒரு பூஜ்யம் என்பது பொறுக்கவில்லை.

"உங்க சிவப்பும் இப்படித்தான் நின்னுச்சா?"

"நிக்காம? மூணு நாள் தலையைப் பிச்சுக்கிட்டேன்."

"அப்போ எட்டு மாசமா தெரியும். ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கேக்கலையே, மாப்ள."

"எப்படிக் கேப்பேன்? மலையத் தூக்கினவருகிட்ட!"

"கேட்டுட்டு எடுத்திருக்கணும். தப்புதான்" என்றார் மச்சான். "ஆனா அந்த வளைவு தப்பாத்தான் இருந்துச்சு."

"அதை விட மாட்டீங்களே!"

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. மத்த நாலையும் ஒண்ணொண்ணா சோதனைத் தண்டவாளத்துல வெச்சு எழுதுங்க. கும்பலா எழுதித் தொலைக்காதீங்க."

இணைப்பு அறுந்தது. மருத்துவர் போனையே முறைத்துக்கொண்டிருந்தார். மனைவி விளிம்பில் தொங்கிய எஞ்சினைத் தூக்கி, சோதனைத் தண்டவாளத்தில் வைத்தாள்.

"இதுக்கு என்ன நம்பரு?"

"பதினொண்ணு" என்றார், இன்னும் கோபம் தணியாமல்.

அவள் பதினொன்றை அழுத்தினாள். திரையில் பிழை என்று வந்தது.

"சக்கரம் சரியா உக்காரல" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவர் குனிந்து சக்கரத்தை நேராக்கினார்.