வெற்றுக் குழாய்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், எதிர்ப்பொருள் ஊற்றாத குழாயை வெற்றுக் குழாய் என்போம். அதில் ஹார்மோனைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. கதிரேற்றிய தைராய்டு ஹார்மோனை ஊற்றி, பிடிபட்டதை மட்டும் படியவைத்து, மேல்நீரைக் கொட்டிவிட்டு, கதிரை எண்ணும் பெட்டியில் வைத்தால் அது ஏறக்குறைய மௌனமாக இருக்க வேண்டும்.

அன்று அது மௌனமாக இல்லை.

வெளியே பெஞ்சில் சாரதாமணி உட்கார்ந்திருந்தாள். இளம்பிள்ளை ஊரில் சேலை மடிக்கும் வேலை. நெஞ்சு படபடப்பு, உடல் இளைப்பு. ஹார்மோன் ஏறியிருந்தால் கதிர் மருந்து, குழந்தை ஆசையைத் தள்ளிவைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே நெடுங்காலம் காத்திருந்தவள்.

"ஏனுங்க சுகன்யாக்கா, ஏறியிருக்குங்களா?"

"இன்னும் கணக்குப் போடலை சாமி."

"ஏறலைன்னே போட்டு உடுங்க. அந்தக் காயிதத்தைச் சட்டம் போட்டு எங்க நாத்தனா ஊட்டுல மாட்டோணும்."

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தேன். கணக்கு எளியது. மற்றக் குழாய்களில் எதிர்ப்பொருள் கொஞ்சம்தான் இருக்கும். அதைப் பற்றிக்கொள்ள எங்கள் கதிர் ஹார்மோனும் நோயாளியின் ஹார்மோனும் போட்டியிடும். நோயாளியுடையது அதிகமென்றால் எங்களுடையது வெளியே தள்ளப்படும், எண்ணிக்கை இறங்கும். ஒவ்வொன்றிலிருந்தும் வெற்றுக் குழாயின் எண்ணைக் கழிக்க வேண்டும்.

கழித்தேன். சாரதாமணிக்கு ஏறியிருந்தது. அடுத்தவருக்கும். அன்று ரத்தம் கொடுத்த எல்லாருக்குமே.

அப்படி நடக்காது. கழித்த வெற்றுக் குழாயின் எண்தான் பெரிது; அதனால்தான் எல்லாருடைய எண்ணிக்கையும் இறங்கியிருந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டின் கதவை யாரோ உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருப்பதைப் போல, அந்தக் குழாயில் ஏதோ இருந்தது.

வெற்றுக் குழாயில் நோயாளியின் ரத்தத்துக்குப் பதிலாக ஊற்றும் சீரத்தை, ரத்தத்தின் தெளிநீரை, நாங்களே செய்துகொள்வோம். எங்களில் ஒருவர் ரத்தம் கொடுப்போம். பிரித்தெடுத்த சீரத்தில் கரித்தூள் கலந்தால் ஹார்மோன் கரியோடு போய்விடும். எப்போதும் முருகானந்தம் கொடுப்பார். அவர் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்ததால் இந்த முறை நான் கொடுத்திருந்தேன்.

உறைபெட்டியின் அடியில் அவருடைய பழைய சீரம் மிச்சமிருந்தது. அதை வைத்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். வெற்றுக் குழாய் அடங்கிவிட்டது. சாரதாமணியின் அளவு சரியாகவே இருந்தது.

ஏசி சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். கரி ஹார்மோனை எடுத்துவிடும். எதிர்ப்பொருளை எடுக்காது. நாங்கள் ஊற்றாத ஒன்று என் ரத்தத்திலேயே இருந்திருக்கிறது. என் சொந்த ஹார்மோனை வேற்றாள் என்று எண்ணி, எவ்வளவு காலமாகவோ, விடாமல் பிடித்துக்கொண்டு. முடி கொட்டியபோது தண்ணீரைக் குறை சொன்னேன். குளிரெடுத்தபோது இந்த ஏசியை.

அறிக்கையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"ஏறலை சாமி. கதிர் மருந்து வேண்டியதில்லை. படபடப்புக்கு வேற காரணம் பார்ப்பாங்க."

சாரதாமணி காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போயிற்று.

"ஏனுங்கக்கா, கழுத்தை அப்படிப் புடிச்சுட்டு நிக்கறீங்க?"

அவள் சொன்ன பிறகுதான் கையை எடுத்தேன்.