ஸ்ட்ரெச்சரில் கையசைத்தவர்

ரசாயன ஆலையில் தீப்பிடித்த செய்தி வந்ததும் தொலைக்காட்சி நிலையத்தில் ஆளாளுக்குக் கத்தத் தொடங்கினார்கள். கேமராக்காரரை ஆலை வாசலிலேயே போலீஸ் மறித்துவிட்டது. கையில் இருந்ததெல்லாம் தூரத்துப் புகை. போட்டிச் சேனலிலும் புகைதான், ஆனால் அவர்களுடையது இன்னும் கறுப்பு. தயாரிப்பாளருக்கு வயிறு எரிந்தது.

“ஏஐ எதுக்கு இருக்கு? ஒருத்தர உசிரோட தூக்கிட்டு வர்ற மாதிரி பண்ணு. ஜனங்களுக்கும் ஆறுதலா இருக்கும்,” என்றார் எடிட்டரிடம்.

எடிட்டர் நல்லவன். அந்த நிலையத்தில் நல்லவன் என்றால் வாயில்லாப் பூச்சி என்று அர்த்தம். “சித்திரிப்புன்னு போட்டுரலாமா சார்?” என்று மட்டும் கேட்டான்.

“போடு, யாரு வேணாம்னது?”

போட்டான். அந்தச் சொல் மறைகிற மாதிரி அதன்மேலேயே தயாரிப்பாளர் ‘பிரேக்கிங் நியூஸ்’ பட்டையை ஓடவிட்டார்.

கணினி பெற்றுப்போட்ட தொழிலாளிகள் எல்லாரும் சோப்பு விளம்பர மாப்பிள்ளைகளாகப் பளபளத்தார்கள். ஆலைச் சீருடையும் சரியாக வரவில்லை. எடிட்டர் தன் கைபேசியைத் துழாவி, சீருடையோடு அத்தான் நிற்கும் படத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தான். அக்காவின் கணவருக்கு அதே ஆலையில்தான் வேலை. அன்று அவருக்கு விடுப்பு. முகத்தில் கொஞ்சம் கரியைப் பூசிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் மெல்லக் கையை அசைத்தார். தயாரிப்பாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மறைப்பானேன், எடிட்டருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

காட்சி ஓடி முடிவதற்குள் அக்கா அழைத்தாள்.

“தம்பி, பாத்தேன்டா! உங்க சேனல்லதான் பாத்தேன்! கைய ஆட்டினாருடா!”

“அக்கா, அத்தானுக்கு இன்னிக்கு லீவுதானே?”

“யாரோ வரலன்னு காலையில கூப்பிட்டாங்க, போயிட்டாரு. போன எடுக்கவே இல்லடா. இவ்வளவு நேரம் உசிரக் கையில புடிச்சிட்டு இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி? புள்ளைங்களோட வண்டில ஏறிட்டேன்.”

கைபேசியில் அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருப்பாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

“அது அத்தான் இல்லக்கா.”

“என் புருஷன எனக்குத் தெரியாதா? அவரேதான்.”

“நான் செஞ்சதுக்கா. கம்ப்யூட்டர்ல. அத்தான் போட்டோவ வச்சு.”

அக்கா பிள்ளைகளை அதட்டி அடக்கும் சத்தம் வந்தது.

“அப்ப அவரு எங்கடா?” என்று கேட்டாள்.

அந்தச் செய்தி நிலையத்தில் அது யாருக்கும் தெரியாது.