நூற்று மூன்று சதவீதம்

பூமியின் வயிற்றைக் கிழிக்காமலே உலோகம் எடுக்கும் புதிய யுகம் அந்தக் கட்டடத்தில்தான் பிறந்தது. வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. பலகைக்குக் கீழே இருந்த கதவு தானாக மூடிக்கொள்ளும் என்பதால் அதற்கு ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

உள்ளே, செத்துப்போன போன் பேட்டரியும் ஸ்கூட்டர் பேட்டரியும் உப்புத் தண்ணீரில் ஊறி, ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச உயிரையும் விட்டுக்கொண்டிருந்தன. பிறகு அவை அரைபட்டுக் கறுப்புத் தூளாகும். தூளை ஆசிட்டில் கரைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். கோபால்ட் இளஞ்சிவப்பாக வரும், நிக்கல் பச்சையாக வரும். கடைசியில் மிஞ்சும் தெளிந்த நீரைச் சுடவைத்துச் சலவை சோடாவைக் கரைத்து ஊற்றினால், லித்தியம் வெள்ளைத் தூளாக அடியில் படியும்.

இதெல்லாம் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். அவர் கெமிஸ்ட், முதலாளியின் தங்கை கணவரும்கூட. சம்பளச் சீட்டில் மட்டும் கெமிஸ்ட், மற்ற இடங்களிலெல்லாம் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு முதல் நாற்காலி உண்டு, முதல் காபி உண்டு. வாயைத் திறக்கத்தான் இடமில்லை. அவருடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு கையெழுத்து இருந்தது. பதினான்கு வருஷத்தில், தான் அளக்காத எண்ணுக்குக் கீழே அதை அவர் போட்டதில்லை.

பெரிய பேட்டரி கம்பெனி ஒன்று லித்தியம் கேட்டிருந்தது. ஐந்து கிலோ மாதிரி, அதனுடன் கெமிஸ்ட் கையெழுத்திட்ட சான்றிதழ். வாங்கிப்போக அவர்களுடைய தரக்கட்டுப்பாட்டு அதிகாரியம்மா வியாழக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். திங்களும் செவ்வாயும் கெமிஸ்டுக்குக் காய்ச்சல். புதன் காலை வந்து பார்த்தால், வடிகட்டும் துணி துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது.

"அண்ணே, இதுல நாப்பது கிலோ லித்தியம் இருந்துச்சே?"

ஃபோர்மேன் கையிலிருந்த ரப்பர் குழாயைக் கீழே போடாமலே சொன்னார்: "கழுவினேன் சார்."

"எதுல?"

"தண்ணியிலதான். வேற எதுல கழுவுவாங்க?"

"பச்சைத் தண்ணியிலயா?"

"ஹீட்டரத்தான் கழட்டிட்டாங்களே. விருந்தாளி ரூம் பாத்ரூமுக்கு. அந்தம்மாவுக்குக் குளிக்க வெந்நீர் வேணுமாம். முதலாளி வந்து பாத்துட்டு, நம்ம விளம்பர நோட்டீஸ்ல இருக்கிற வெள்ளை வரல, இன்னும் கழுவுன்னாரு. ரெண்டு நாளா குழாயக் கீழ வைக்கல சார். கை விரல் எல்லாம் ஊறிப்போச்சு."

சர்க்கரை வெந்நீரில் சட்டென்று கரையும். லித்தியம் தூளுக்குப் புத்தி நேர்மாறு. அது சூட்டில் கரையத் தயங்கும், குளிர்ந்த நீரில் குஷியாகக் கரைந்து போய்விடும். அதனால்தான் அதை வெந்நீரில் கழுவுவது. நாற்பது கிலோவும் தரை கழுவிய தண்ணீரோடு சேர்ந்து சாக்கடையில் போய்விட்டது. புதிதாக ஒரு தடவை எடுக்க ஆறு நாள் ஆகும்.

முதலாளி பதறவில்லை. பதறுவதற்கு விஷயம் புரிய வேண்டும்.

"வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. காய்ச்சல் தேவலையா? ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஸ்டோர்ல சோடா மூட்டை இருக்கு. பளிச்சுனு இருக்கு."

"மச்சான், அது துணி துவைக்கிற சோடா."

"அதுவும் கார்பனேட்தான? நீங்கதான் ஒரு நாள் சொன்னீங்க. இது சோடியம் கார்பனேட், அது லித்தியம் கார்பனேட். பேருல பாதி ஒண்ணுதான?"

"பாதிதான் மச்சான் ஒண்ணு."

"அப்ப பாதி உண்மை ஆச்சு. மீதிப் பாதிய நான் பேசிக்கிறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

"நான் போட மாட்டேன்" என்று கெமிஸ்ட் சொன்னார். அந்த அறையில் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. முதலாளி கோபப்படவில்லை, போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டு, விஷயத்தை இரண்டு வரியில் சொல்லி, அப்படியே மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்.

"ஏங்க, ஒரு கையெழுத்துத்தானாமே? கிட்னியா கேக்குறாரு?"

"அது பொய்ம்மா."

"எங்கண்ணன் நல்லதுக்குத்தான் சொல்லுவாரு. அந்த ஃபேக்டரி நின்னா முப்பது பேர் வீட்டுக்குப் போகணும். நீங்களும்தான். வீட்ல உக்காந்து எதைக் கழுவப் போறீங்க?"

போன் திரும்பிப் போனது. முதலாளி பேனாவின் மூடியைக் கழற்றி, இரண்டு கைகளாலும் மரியாதையாக நீட்டினார்.

கெமிஸ்ட் யோசித்தார். தப்பிக்க ஒரே ஒரு சந்து தெரிந்தது. தூய்மை என்ற கட்டத்தில் நூற்று மூன்று சதவீதம் என்று எழுதினார். உலகத்தில் எந்தப் பொருளும் நூறைத் தாண்டி சுத்தமாக இருக்க முடியாது. ஆய்வகத்தில் பாட்டில் கழுவுகிற ஆள்கூட அதைப் பார்த்துச் சிரித்துவிடுவான். சிரித்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அந்தத் தைரியத்தில் கையெழுத்தும் போட்டார்.

முதலாளி எண்ணைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "நான் தொண்ணூத்தொன்பதுன்னு போடுவீங்கன்னு நெனச்சேன் மாப்பிள்ளை. இருந்தாலும் குடும்பம்னு வந்துட்டா நீங்க எங்கேயோ போயிடுறீங்க."

வியாழக்கிழமை அதிகாரியம்மா வந்தார். கோபால்ட் தொட்டியருகே நின்று இளஞ்சிவப்பு பின்னால் தெரியும்படி இரண்டு படம் எடுத்துக்கொண்டார். பிறகு சோடா நிரப்பிய மாதிரிப் பொட்டலத்தை வாங்கி வைத்துவிட்டு, சான்றிதழைக் கையில் எடுத்தார். அந்தம்மா கட்டம் கட்டமாக விரலை ஓட்டினார். விரல் தூய்மைக் கட்டத்தில் நின்றது.

"நூத்தி மூணா?"

"ஆமா மேடம்" என்று ஆவலாக ஓர் அடி முன்னால் வந்தார் கெமிஸ்ட். "அதைப் பத்தித்தான் உங்ககிட்ட..."

"நாங்க இதுவரைக்கும் வாங்கினதுல தொண்ணூத்தொன்பதுக்கு மேல யாருமே தந்ததில்ல. எங்க மேனேஜர் சந்தோஷப்படுவார்."

"மேடம், நூறுக்கு மேல எப்படி..."

"மாப்பிள்ளைக்கு எப்பவுமே தன்னடக்கம் ஜாஸ்தி" என்று முதலாளி அவர் தோளில் கை போட்டார். கை கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. "மேடம், உங்க லேப்ல ஒரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க" என்று அந்தக் கைக்கடியிலிருந்து கெமிஸ்ட் சொன்னார்.

"எதுக்கு சார்? அதுக்குத்தான உங்க கையெழுத்து?"

அடுத்த வாரம் முழுக்கக் கெமிஸ்ட் தொட்டியருகிலேயே கிடந்தார். இரும்புப் பீப்பாயில் தண்ணீர் காய்ச்சி, புதுத் தூளைத் தானே நின்று கழுவினார். அடுப்புச் சூட்டில் முகம் கருத்தது. அரை மூட்டை வந்தது, அசல் லித்தியம். மூன்று முறை சோதித்தார். மூன்று முறையும் தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு. நல்ல தூள், யாரிடமும் தலைநிமிர்ந்து காட்டலாம். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார்.

"மச்சான், இதை அனுப்பிடலாம். பழசத் திருப்பிக் கேட்டு வாங்கிடலாம்."

முதலாளியின் மேஜையில் ஒப்பந்தம் விரிந்து கிடந்தது. அவர் நான்காவது பக்கத்தில் விரலை வைத்தார். "எல்லா மூட்டையும் மாதிரியோட தரத்துக்குக் குறையாம இருக்கணும்னு போட்டிருக்காங்க. நூத்தி மூணு. உங்களுது எவ்வளவு?"

"தொண்ணூத்தொன்பது புள்ளி ரெண்டு. அதுதான் மச்சான் உண்மையான..."

"தேறாது மாப்பிள்ளை" என்றார் முதலாளி, நிஜமான வருத்தத்தோடு. "நீங்களே போட்டுக் குடுத்த நம்பர். நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

அரை மூட்டை லித்தியம் கழிவு அறைக்குப் போனது. அன்று மதியம் ஸ்டோருக்கு ஒரு கொள்முதல் சீட்டு வந்தது: சலவை சோடா, இருபது மூட்டை, அவசரம். கீழே கெமிஸ்ட் கையெழுத்துப் போட்டிருந்தார்.