சர்க்கரை சேர்க்காத குப்பி

மருந்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயர் எங்கள் ஆய்வகத் தலைவரின் மருமகனுடையது. அடுத்தது தலைவருடையது. என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் வரியில், கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவருக்குப் பக்கத்தில் இருந்தது. பாத்திரம் கழுவுகிறவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் உண்மையாகவே கழுவினார். மருமகன் அந்த ஆராய்ச்சி நடந்த ஆறு வருடத்தில் ஒரு கலவையைக்கூடத் தொட்டதில்லை.

அது என்ன மருந்து என்று சொல்லிவிடுகிறேன். சில குடும்பங்களில் கல்லீரல் ஒரு புரதத்தைக் கோணலாகச் செய்யும். அது நரம்பிலும் இதயத்திலும் போய்ப் படியும். முதலில் கால்விரல் மரத்துப்போகும், அப்புறம் கை, கடைசியில் இதயமே ஓய்ந்துவிடும். அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் உத்தரவை நடுவழியிலேயே கிழித்துப்போட ஒரு குட்டி ஆர்.என்.ஏ. போதும். ஆனால் அதை வெறுமனே ஊசியில் ஏற்றினால் ரத்தம் சில நிமிடத்தில் துண்டு துண்டாக்கிவிடும். அதனால் கொழுப்பில் பொதிந்து அனுப்ப வேண்டும். தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்த நானோ உருண்டை. கல்லீரல் செல் அதைத் தீனி என்று நினைத்து விழுங்கும். உள்ளே ஒரு புளித்த பையில் கொழுப்பு பிரிந்து, ஆர்.என்.ஏ. வெளியே குதித்துத் தன் வேலையைப் பார்க்கும். நான்கு கொழுப்புகளை எந்த விகிதத்தில் சேர்த்தால் அது குதிக்கும் என்று நானூற்றுச் சொச்சம் கலவை போட்டுக் கண்டுபிடித்தவள் நான்.

கேட்கப் போனேன். தலைவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? சமைச்சவங்க பேரைக் கேட்டுக்கிட்டா எல்லாரும் சாப்பிடறாங்க?”

மறுவாரமே என்னை உறைபெட்டி அறைக்கு மாற்றினார்கள். குப்பியை எடு, உருகவிடு, பட்டியலில் டிக் அடி, மாடியில் ஊசி அறைக்கு அனுப்பு. வயிறு எரிந்தது. வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும் என்று மூன்று வருடம் அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்தேன்.

வந்தது. தலைவருக்கே அந்த நோய். அவருடைய அண்ணனும் அதில்தான் போனாராம். சட்டைப் பொத்தானை மகள்தான் போட்டுவிடுகிறாள் என்று வாசல் காவலர் சொன்னார். பாவமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அன்று டீ நன்றாக இருந்தது, இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தேன்.

அவருக்கான மருந்தை மருமகன் தன் கையாலேயே கலந்தார். வேறு யாரையும் நம்ப முடியாதாம். திங்கட்கிழமை கலந்தார், உருண்டைகளின் அளவு பார்த்தார், சரியென்று கையெழுத்துப் போட்டு உறையவைத்தார். வியாழன் காலை நான் எடுத்து உருகவிட்டேன்.

நல்ல குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் லேசாக நீலம் ஓடும். இது திரிந்த பால் மாதிரி இருந்தது. அடியில் வெள்ளையாகப் பொடி. சேர்மானச் சீட்டைப் பார்த்தேன். சர்க்கரை இல்லை. உறையும்போது உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதே அந்தச் சர்க்கரைதான். மருமகன் அளவு பார்த்தது உறைவதற்கு முன்னால். உருகிய பிறகு யாரும் பார்க்கப்போவதில்லை.

பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. நான் டிக் அடித்துத் தட்டை நீட்டினால் போதும். மருந்துப் பையில் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பொடி நுரையீரலில் போய் அடைக்கும். மாமனார் மேலே போவார், மருமகன் உள்ளே போவார். என் மேல் ஒரு தூசியும் விழாது.

தட்டை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். கை வரவில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் செத்தால் பெரிய விஞ்ஞானி என்று கூடத்தில் படம் மாட்டுவார்கள். என் மருந்துதான் ஆளைக் கொன்றது என்று பேசுவார்கள். அவரோ ஒன்றும் தெரியாமலே போய்ச்சேர்வார். அது எனக்குப் போதவில்லை. தட்டோடு நானே மாடி ஏறினேன்.

தலைவர் சாய்வு நாற்காலியில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் மருமகன். நர்ஸ் ஊசியைப் பொருத்தி முடித்திருந்தார்.

“இதை ஏத்தாதீங்க சிஸ்டர். திரிஞ்சுபோச்சு.”

“உங்க வேலை டிக் அடிக்கிறது,” என்றார் மருமகன். “நான் அளவு பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“சக்கரை ஏன் போடல?”

“மாமாவுக்குச் சக்கரை வியாதி இருக்கில்ல? அவருக்குப் போய் நரம்புல சக்கரையை ஏத்துவாங்களா? உப்புத் தண்ணியில வச்சேன்.”

அந்தச் சர்க்கரை மொத்தமே ஒரு ஸ்பூன் தேறாது. பாசம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. பாசத்தாலேயே மாமனாரை அனுப்பிவைக்கப் பார்த்தார். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

தலைவர் குப்பிக்குக் கை நீட்டினார். விரல் பிடிக்கவில்லை. மகள் வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினாள். முப்பது வருடம் ஆய்வகத்தில் இருந்தவருக்குத் தெரியாதா? முகம் வெளிறிவிட்டது.

“உன்னால பண்ண முடியுமா?”

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள, புதுசா. உறையவைக்க வேண்டாம்.”

“பண்ணும்மா.”

“முதல்ல கட்டுரை வந்த பத்திரிகைக்கு ஒரு கடிதம் போகட்டும் சார். இதை யார் கண்டுபிடிச்சாங்கன்னு. அது போனப்புறம் கலக்கறேன்.”

மகள் எழுந்துவிட்டாள். “என்ன பேசறீங்க? என் வீட்டுக்காரர் கண்டுபிடிச்சதுதானே அது? அப்பா, சொல்லுங்கப்பா!”

அப்பா சொல்லவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று வருட எரிச்சலுக்கு அந்த அரை நிமிடம் அமுதமாக இருந்தது.

“உயிருக்குப் போராடறவர்கிட்ட பேரம் பேசறீங்களே, கொஞ்சமாவது ஈரம் இருக்கா உங்களுக்கு?” என்றாள் மகள்.

“இருந்துச்சு. எங்க போச்சுன்னு உங்கப்பாகிட்டயே கேளுங்க.”

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், “நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதுங்க மாப்பிள்ளை. எனக்கு விரல் வராது.”

மருமகன் எழுதினார். ‘முதல் பெயருக்கு உரியவருக்கு இந்தக் கண்டுபிடிப்பில் எந்தப் பங்கும் இல்லை’ என்ற இடத்தில் நின்றார். “கடைசி வரியைப் படிச்சுக் காட்டுங்க,” என்றேன். மனைவியின் முன்னால் படித்தார். அவள் தன் நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்காக மட்டும் எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் கடிதம் மின்னஞ்சலில் போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கீழே இறங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் நான் கலந்த மருந்து சொட்டுச் சொட்டாக அவருக்குள் இறங்கியது. நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

“இப்ப திருப்திதானே?” என்றார்.

“இல்ல சார். இதோட வேகம் மூணு வாரம்தான். அப்புறம் திரும்ப வரணும். ஆயுசு முழுக்க வரணும், நான்தான் கலந்து தரணும்.” அவர் கையைத் தலையணை மேல் சரியாக எடுத்து வைத்தேன். “நீங்க நூறு வயசு வரைக்கும் நல்லா இருக்கணும் சார்.”

மனதாரச் சொன்னேன். அவருக்கும் அது புரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.